31 வயசுல நெத்திக்கு ஊசி போடச் சொல்லுதாவ, போடலாமா?

கோட்டாறு_கணக்கு
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 31 வயசு. வடசேரி பக்கம் வீடு, தக்கலையில வேலை, தெனமும் ஸ்கூட்டர்லதான் போக்குவரத்து. அடுத்த மாசம் சித்தப்பா மகளுக்கு மார்த்தாண்டத்துல கல்யாணம். அதுக்குள்ள முகத்தைக் கொஞ்சம் தெளிய வச்சிருவோம்னு ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன்.

நான் போனது கன்னத்துல ரெண்டு பக்கமும் கெடக்க தவிட்டு நெறப் படைக்கு. டாக்டரைப் பாக்கதுக்கு முந்தியே ஒரு பிள்ளை டேப்லெட்டோட வந்து பக்கத்துல இருந்துச்சு. என் முகத்தைப் போட்டோ எடுத்து, நெத்தியில செவப்புக் கோடு வரைஞ்சு காட்டி, "அக்கா, இப்போ புருவத்தைத் தூக்குனாத்தான் தெரியுது. 40ல இது அப்படியே நின்னுரும். இப்பமே ப்ரிவென்டிவ் போட்டாக்ஸ் ஆரம்பிச்சா கோடே விழாது"ன்னு சொல்லுது. வருசத்துக்கு மூணு தடவை ஊசி, கூட ரெண்டு பீலிங் (ஆசிட் பூசி மேல்தோலை உரிக்கது), எல்லாம் சேத்து 48,000. இன்னைக்கே கட்டுனா 42,000. படையைப் பத்தி நான் கேட்டதுக்கு "அதெல்லாம் பீலிங்ல போயிரும்"னு ஒத்தை வரி.

வீட்டுல சொன்னேன். அம்மை கேக்கா, "நெத்தியில கோடே விழாம இருக்கதுக்கு நீ என்ன பீங்கான் தட்டா?" சிரிப்பு வந்தாலும் மனசுல அந்தச் செவப்புக் கோடு கெடந்து அரிக்குது. கண்ணாடி பாத்தா இப்போ அதுதான் கண்ணுல படுது, முந்தி கண்டதே இல்ல.

போட்டவிய யாராவது இருந்தா சொல்லுங்க. ஒண்ணும் போடாம இயற்கையா வயசாகணும்னா அதுக்காவது என்ன செய்யணும்?

தக்கலை_மைனி
நான் போட்டவ. வயசு 47, பள்ளிக்கூடத்துல வேலை. 42ல ஆரம்பிச்சேன். ரெண்டு புருவத்துக்கும் நடுவுல 11ன்னு எழுதி வச்ச மாதிரி ரெண்டு கோடு ஆழமா விழுந்துட்டு. நான் சும்மா இருந்தாலும் பிள்ளிய "டீச்சர், இன்னைக்கு என்ன கோவம்?"னு கேக்கும். அது எனக்குப் பெரிய சங்கடம்.

திருவனந்தபுரத்துல ஒரு தோல் டாக்டர், அவிய கையாலயே போட்டாவ. புருவ நடுவுக்கு 20 யூனிட். மூணாம் நாள்ல இருந்து தசை அடங்கத் தொடங்கும், ரெண்டு வாரத்துல முழுசாத் தெரியும், மூணு நாலு மாசத்துல வடிஞ்சிரும். முகம் செத்துப்போன மாதிரி ஆகும்னு பயந்தேன், அப்படி ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரருக்கே தெரியாது (இதை வாசிச்சா தெரிஞ்சுக்கிடுவாவ).

ஆனா ஒண்ணு, கோடு விழுந்த பொறவுதான் நான் போனேன். 31ல என் நெத்தி பலகை மாதிரி கெடந்துச்சு. அப்போ ஒருத்தி டேப்லெட்டைத் தூக்கிட்டு வந்திருந்தா வெரட்டி விட்டிருப்பேன்.

அருமனை_ரப்பர்பால்
ஊசியும் வேண்டாம் பாசியும் வேண்டாம். எங்க அம்மைக்கு 72 வயசு. முகத்துல தேங்கெண்ணெய் தவிர வேற ஒண்ணும் பட்டது கெடையாது. இன்னைக்கும் கன்னம் வழுவழுன்னு இருக்கும். காலையில பழஞ்சோறு, நல்ல மீன், ராத்திரி எட்டு மணிக்குத் தூக்கம். நம்ம முன்னோரு எந்த கிளினிக்குக்குப் போனாவ? 42,000 ரூவாய்க்கு ஒரு கறவைப்பசு வாங்கலாம் மக்களே.

சிஸ்டர்_குழித்துறை
ஒம்பது வருசமா ஸ்கின் கிளினிக்குல நர்ஸா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாச் சொல்லுதேன்.

இந்த ஊசி தோலுக்கு இல்ல, தோலுக்கு அடியில உள்ள தசைக்கு. நரம்பு முனையில இருந்து அசிட்டைல்கோலின்னு ஒண்ணு வந்தாத்தான் தசை சுருங்கும். மருந்து அதை மறிக்குது. மடிக்காத துணியில மடிப்புத் தழும்பு விழாது, அம்புட்டுதான் கணக்கு. முதல்ல இது மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் உள்ள மருந்து, அமெரிக்காவுல 1989ல அனுமதி. கனடாவுல ஜீன் கரதர்ஸ்னு ஒரு கண் டாக்டர், இமைக்கு ஊசி போட்டவங்களுக்குப் புருவக் கோடும் மறையதைக் கவனிச்சாவ. அவிய வீட்டுக்காரர் அலஸ்டர் தோல் டாக்டர். ரெண்டு பேரும் சேந்து 1992ல கட்டுரை எழுதினாவ. புருவக் கோட்டுக்குன்னு அமெரிக்க அனுமதி 2002ல வந்துச்சு.

முன்கூட்டியே போட்டா கோடு விழாதான்னா, அதுக்கு எல்லாரும் எடுத்துக் காட்டது 2006ல வந்த ஒரு கட்டுரை. அச்சு அசலா ஒண்ணு போல உள்ள இரட்டைச் சகோதரிகள். ஒருத்தி 13 வருசமா விடாமப் போட்டா, மத்தவ மொத்தமே ரெண்டு தடவை. விடாமப் போட்டவளுக்கு, முகத்தை அசைக்காம இருக்கையில நெத்திக் கோடு தெரியல. மத்தவளுக்குத் தெரிஞ்சுது. உண்மைதான். ஆனா பாத்தது ரெண்டே பேரை. வெள்ளைத்தோல் பெண்ணுங்க வேற.

நம்ம தோல் அப்படி இல்லங்க. நெறம் கூடுன தோல்ல மெலனின் ஒரு குடை மாதிரி நிக்கதுனால சுருக்கம் பிந்தித்தான் வரும். நமக்கு முந்தி வாறது கன்னத்துல படை, கண்ணுக்கடியில கருப்பு, அங்கொண்ணும் இங்கொண்ணுமா நெறம் மாறுறது. நாப்பது வயசுத் தமிழ்ப் பொம்பளைய வயசா காட்டது பெரும்பாலும் நெத்திக் கோடு இல்ல, கன்னத்துல உள்ள கருமை. இந்தப் பிள்ளை படைக்குத்தான் வழி கேட்டிருக்கு. அதை விட்டுட்டு இல்லாத கோட்டுக்குப் பணம் கேட்டிருக்காவ. என் தொழிலைப் பத்தி நானே சொல்லப்படாது, ஆனாலும் சொல்லுதேன்.

பீலிங்கும் எல்லாத் தோலுக்கும் சும்மா போடுற சமாச்சாரம் இல்ல. நம்ம நெறத்துல ஆசிட் கொஞ்சம் மீறுனா புண்ணு ஆறுன எடம் முந்தினதை விடக் கறுத்துரும். அதுவும் போட்டுட்டு மறுநாளே ஸ்கூட்டர்ல வெயில்ல போனா கேக்கவே வேண்டாம்.

டாக்ஸி_வலதுபக்கம்
நான் 14 வருசமா நாகர்கோவில் - திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஓட்டம். என் மூஞ்சியில வலது கன்னம் ஒரு நெறம், இடது கன்னம் ஒரு நெறம். வலது பக்கம் கண்ணோரம் சுருக்கமும் கூடுதலாட்டு இருக்கு. கண்ணாடி ஏத்தி ஏசி போட்டுத்தான் ஓட்டுதேன். இதுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் உண்டா?

சிஸ்டர்_குழித்துறை
அண்ணே, 2012ல ஒரு மருத்துவ இதழ்ல இதே மாதிரி ஒரு முகம் வந்து ஒலகம் முழுக்கப் பேசுனாவ. 69 வயசு லாரிக்காரர், 28 வருசம் ஓட்டுனவர். இடது பக்கம் மட்டும் தோல் தடிச்சு, வரி வரியா, வலது பக்கத்தை விட ரொம்ப வயசு கூடுன மாதிரி இருக்கும். அங்க ஸ்டீரிங் இடது பக்கம். சூரியனோட புறஊதாக் கதிர்ல ரெண்டு வகை: யு.வி.பி. தோலைச் சுட்டுச் செவக்க வைக்கும், கண்ணாடி அதை மறிச்சிரும். யு.வி.ஏ. சுடாது, ஆனா ஆழமாப் போயி, தோலை இறுக்கிப் பிடிக்கிற கொலாஜன்ங்கிற புரதத்தை அறுக்கும். முன் கண்ணாடி ரெண்டு தகடு சேத்து ஒட்டுன கண்ணாடி, அது நெறையத் தடுக்கும். கதவுக் கண்ணாடி அம்புட்டுத் தடுக்காது.

பின்ன, உங்க ரூட்டை யோசிச்சுப் பாருங்க. காலையில வடமேற்காப் போறிய, சூரியன் கெழக்க, அது உங்களுக்கு வலது. மத்தியானம் கழிஞ்சு தென்கெழக்காத் திரும்புறிய, சூரியன் மேக்க, அதுவும் வலதுதான்.

டாக்ஸி_வலதுபக்கம்
எம்மா! 14 வருசமா இது மண்டையில ஏறல பாருங்க.

கருங்கல்_மருந்துக்கடை
போட்டாக்ஸ் போடவா வேண்டாமாங்கிறது காசு உள்ளவங்க கவலை. நம்ம மாவட்டத்துல முகத்தைக் கெடுக்கது அது இல்ல, ஐம்பது நூறு ரூபாய் டியூப்.

நான் கடை வச்சு 22 வருசம். வாரத்துக்கு நாலு பேராவது வந்து "அந்த வெளுக்கிற கிரீம்" கேப்பாங்க. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால்னு ஸ்டீராய்டு, இல்லேன்னா மொமெட்டசோன்ங்கிற ஸ்டீராய்டும் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேந்த மூணு கூட்டு. கடைசி வகை, படைக்கு டாக்டர் சில வாரத்துக்குன்னு எழுதுற மருந்து. எழுதினதுக்குப் பொறவு சீட்டு வீடு வீடா சுத்தும். மதினி பூசுனா, அவ தங்கச்சி பூசுனா, பக்கத்து வீட்டுப் பிள்ளை பூசுனா. ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால ஒரு வாரத்துலயே முகம் வெளுத்துக் காட்டும். அந்த மயக்கத்துலதான் விழுறாங்க. மாசக்கணக்குல போட்டா தோல் தாளு மாதிரி மெலிஞ்சு, செவப்பு நரம்பு தெரிஞ்சு, பரு வெடிச்சு, பொண்ணுங்களுக்கு முகத்துல ரோமம் வளரும். நிறுத்துனா எரிச்சல் தாங்காது, அதனால திரும்பவும் அதையே பூசுவாங்க. 2018ல ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு அரசு கொண்டு வந்துச்சு. நான் கொடுக்க மாட்டேன்னு சொன்னா, "அப்போ அடுத்த கடைக்குப் போறோம்"னு எறங்கிப் போவாங்க.

இன்னொண்ணு, கல்ஃப்ல இருந்து பெட்டியில வாற பேரு தெரியாத கிரீம். அதுல பாதரசம் இருந்தா மூஞ்சியோட போகாது. மலப்புறம் ஜில்லா கோட்டக்கல்ல 2023ல சிறுநீரகத்துல புரதம் ஒழுகி வந்த நோயாளிகளை விசாரிச்சா, பலபேரு முகம் வெளுக்கிற கிரீம் பூசுனவங்க. அந்த வருசமே கேரளாவுல மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆப்பரேஷன் சௌந்தர்யா'ன்னு கடை கடையா சோதனை போட்டாங்க. எல்லைக் களியக்காவிளைக்கு அங்க, கேரளாவுல நடந்தா இங்க நமக்கென்னன்னு இருக்க முடியாது, ஒரே சரக்குதான்.

பேரு_வேண்டாம்
ஐயா, எனக்கு 29 வயசு, ஆண். சலூன்ல ஒருத்தர் தந்த கிரீமை மூணு வருசமா போடுதேன். மொதல்ல ஷேவிங் பண்ணுன எடத்துல எரிச்சலுக்குத் தந்தாரு. நல்லா வெளுத்துச்சு. பொண்ணு பாக்க ஆரம்பிச்சப்போ நிறுத்தப் பயமா இருந்துச்சு. இப்போ நிறுத்துனா ரெண்டு நாள்ல முகம் மொளகாப்பொடி தேச்ச மாதிரி எரியுது. வெயில்ல நிக்க முடியல. இதை எங்கயும் சொன்னதில்ல.

கருங்கல்_மருந்துக்கடை
மக்களே, நீ ஒருத்தன் இல்ல. என் கடை வாசல்ல நின்னு இதே கதையைச் சொன்னவங்களை விரல் விட்டு எண்ண முடியாது. டியூபைத் தூக்கிட்டு தோல் டாக்டர்கிட்டப் போ. அட்டையில உள்ள பேரு அவருக்குத் தெரியணும். நீயா ஒரே நாள்ல வெட்டி நிறுத்தாதே. எந்த ஸ்டீராய்டு, எம்புட்டு வலுவுன்னு பாத்து அவரு கொறைச்சுக் கொண்டு வருவாரு. அதுவரைக்கும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், தொப்பி. எலுமிச்சை, கடலைமாவு எதையும் கிட்ட கொண்டு போகாதே. தேறி வர மாசக்கணக்கு ஆகும், ஆனா தேறும்.

மட்டுறுத்துநர்
கிளினிக் பேரு, டாக்டர் பேரு, டியூப் போட்டோ போட்ட மூணு பதிவை எடுத்திருக்கேன். குளுட்டாதயோன் ட்ரிப் விளம்பரம் போட்டவரை நீக்கியாச்சு.

சிஸ்டர்_குழித்துறை
நல்ல வேலை செஞ்சிய. அந்த ட்ரிப்புக்கும் கல்யாண சீசன்ல கூட்டம் அள்ளும். நரம்புல ஏத்தி நெறத்தை வெளுக்க வைக்கிற எந்த ஊசிக்கும் அமெரிக்க மருந்துத் துறை அனுமதி தந்தது இல்ல.

அருமனை_ரப்பர்பால்
நான் நேத்து எழுதுனதைத் திரும்ப வாசிச்சேன். ஒரு காரியம் ஒறைக்குது, சொல்லிப் போடுதேன்.

எங்க அம்மைக்கு ஒரு தங்கச்சி, எனக்குச் சித்தி. ரெண்டு வயசு எளையவ. நாகர்கோவில் பக்கம் புத்தளத்துல கெட்டிக் கொடுத்தாவ, அங்க உப்பளத்துல வேலை. ரெண்டு பேரையும் சேத்து நிறுத்துனா சித்திதான் அக்காளுன்னு எல்லாரும் சொல்லுவாவ. கழுத்துப் பின்பக்கம் கட்டம் கட்டமா வெடிச்ச மாதிரி இருக்கும். கண்ணுல வெள்ளைச் சதை வளந்து ஆப்பரேசன் பண்ணியாச்சு.

ரெண்டு பேருக்கும் ஒரே தேங்கெண்ணெய்தான், ஒரே மீனுதான். எங்க அம்மை ரப்பர் பால் வெட்டப் போனா விடியதுக்கு முந்தி தலையில லைட்டைக் கெட்டிக்கிட்டுப் போவா, வெயில் ஏறதுக்குள்ள வந்துருவா. போனாலும் மரத்து நெழலுக்குள்ளதான். சித்தி வெள்ளை உப்புக்கு மேல, மேல வெயில் கீழ வெயில்னு நாப்பது வருசம் நின்னவ. நான் எண்ணெய்க்குக் கொடுத்த பேரை ரப்பர் மரத்துக்குக் கொடுத்திருக்கணும்.

தக்கலை_மைனி
அண்ணாச்சி, இதைத்தான் சிஸ்டர் இரட்டைப் பிள்ளிய கதையாச் சொன்னாவ. உங்க வீட்டுலயே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கு.

ஆனா எண்ணெயை ஒரேயடியாத் தள்ளாதிய. வறண்ட தோலுக்கு அது நல்லதுதான், வெயிலை மறிக்காது, அம்புட்டுதான்.

இயற்கையா வயசாகணும்னு அந்தப் பிள்ளை கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. எனக்கு அந்த வார்த்தை மேல கொஞ்சம் கடுப்பு உண்டு. தலைக்கு டை அடிச்சா இயற்கை, பல்லைக் கட்டுனா இயற்கை, நெத்திக்கு ஊசி போட்டா மட்டும் செயற்கையா? எனக்கு 45ல மாதவிடாய் நின்னுது, அதுவும் இயற்கைதான். நின்ன முதல் அஞ்சு வருசத்துல தோல்ல உள்ள கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் போயிரும்னு டாக்டர் சொன்னாவ. ஒரே வருசத்துல கை மேல உள்ள தோலு கிள்ளுனா அப்படியே நிக்குது. இது வெயில் செஞ்சது இல்ல, கிளினிக்காரன் பயமுறுத்துனதும் இல்ல. உடம்பு தானாச் செஞ்சது.

அப்போதான் ராத்திரிக்கு ட்ரெட்டினாயின் கிரீம் எழுதித் தந்தாவ, 0.025 சதவீதம். பயறு அளவு எடுத்து, மூணு நாளைக்கு ஒருக்கத் தொடங்குனேன். முதல் மாசம் தோல் உரிஞ்சு, குளிச்சா எரிஞ்சு, விட்டுரலாம்னு தோணிச்சு. ஆறு மாசம் கழிச்சுத்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. கணக்குப் பாத்தா ஊசிக்குச் செலவழிச்சதுல ஒரு துண்டு காசு. ஊசி கோட்டைத்தான் மறைக்கும், தோலு நல்லானது இதுல. ஆனா பிள்ளை உண்டாகப் போறவிய, உண்டானவிய தொடப்படாது. அதை முதல் நாளே சொன்னாவ.

கோட்டாறு_கணக்கு
எல்லாத்தையும் வாசிச்சேன். அருமனை அண்ணாச்சி எழுதுனதை அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன், "பாத்தியா, குடை பிடிக்கச் சொன்னா கேக்க மாட்ட"ங்கா.

சன்ஸ்கிரீன் பூசுவேன், ஆனா ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்து கண்ணுல வழியும். வெள்ளையா திருநீறு பூசுன மாதிரியும் நிக்கும். அதனால ஒரு துளிதான் தடவுவேன். எஸ்.பி.எஃப். 50 எண்ணு உள்ளது, அப்போ ஒரு துளி போதும்லா?

சிஸ்டர்_குழித்துறை
போதாது. அந்த 50ங்கிற எண்ணே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம்னு தடிமனாப் பூசி அளந்தது. ஒரு துளி போட்டா அந்த 50 கிட்டாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளத்துக்குப் பிதுக்குனா முகத்துக்கும் கழுத்துக்கும் சரியா இருக்கும். 30 ஆனா யு.வி.பி.யில 97 சதவீதம் மறிக்கும், 50 ஆனா 98. அந்த ஒரு சதவீதத்துக்கு வெலை கூடுனதை வாங்கி ஒரு துளி தடவுறதுக்கு, மலிவானதை வாங்கி நெறையப் பூசுங்க. பி.ஏ.ன்னு போட்டு நாலு கூட்டல் குறி இருக்கான்னு பாருங்க, அது யு.வி.ஏ.க்கு.

வெள்ளையா நிக்கதுக்கு, மண்நெறம் கலந்தது வாங்குங்க. அதுல அயர்ன் ஆக்சைடு இருக்கும். படை உள்ளவங்களுக்கு அது ரொம்ப முக்கியம். நம்ம தோல்ல சாதாரண வெளிச்சமே படையைக் கறுக்க வைக்கும், வெறும் சன்ஸ்கிரீன் அதை மறிக்காது.

பலன் உண்டான்னா, ஆஸ்திரேலியாவுல நம்பூர்னு ஒரு ஊர்ல 55 வயசுக்குக் கீழ உள்ள 900க்கு மேல பேரை நாலரை வருசம் பாத்தாவ. தெனமும் பூசுனவங்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் கொறைவு. 2013ல வந்துச்சு. 15 எண்ணு உள்ள சாதாரண கிரீம்தான். அதுவும் வெள்ளைத்தோல்தான், அதையும் சொல்லிருதேன். ஆனா நம்ம ஊரு பூமத்திய ரேகையில இருந்து 8 டிகிரியில கெடக்கு. ஏப்ரல் நடுவுலயும் ஆவணி பாதியிலயும் உச்சைக்கு வெளிய நின்னா நெழல் காலுக்கடியிலயே கெடக்கும், கண்டிருப்பிய. ஆஸ்திரேலியாக்காரனுக்கு வேணும்னா நமக்கும் வேணும்.

சாரல் நாள்லயும் பூசணும். மேகம் கதிரை முழுசா மறிக்காது.

கோட்டாறு_கணக்கு
மூணு வாரம் கழிச்சு வாறேன். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல தோல் ஓபிக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு சின்ன வெளக்கு வச்ச லென்ஸால கன்னத்தைப் பாத்தாவ. மெலஸ்மாதான், இந்த நெறப் படைக்கு உள்ள பேருன்னு சொன்னாவ. கருத்தடை மாத்திரை எடுத்தியா, அதுனாலயும் இது வரும்னு கேட்டாவ, ஆமா, ஒண்ணரை வருசம் எடுத்தேன். டேப்லெட் பிள்ளை இதைக் கேக்கவே இல்ல.

பொறவு துப்பட்டாவை விலக்கச் சொல்லிக் கழுத்தைப் பாத்தாவ. கழுத்துப் பின்பக்கமும் நெத்தி ஓரமும் வெல்வெட் மாதிரி கறுத்துக் கெடக்கு. நான் இத்தன நாளும் வெயில்ல கறுத்ததுன்னு தேச்சுத் தேச்சுக் குளிச்சேன். அது வெயில் இல்லியாம், இன்சுலின் சரியா வேலை செய்யாததுக்கு உள்ள அடையாளமாம். ரத்தம் எடுத்தாவ. மூணு மாசச் சர்க்கரைக் கணக்கு 6.1. சர்க்கரை நோய் இல்ல, ஆனா வாசல்ல நிக்குது. வீட்டுல அப்பாவுக்கும் உண்டு. 48,000 ரூவா பாக்கேஜ்ல எம்புட்டுப் பீல் பண்ணுனாலும் இந்தக் கருப்பு போயிருக்காது.

இப்போ மண்நெற சன்ஸ்கிரீன், ராத்திரிக்கு அசெலாயிக் ஆசிட் கிரீம், சாயங்காலம் பார்வதிபுரம் வரை நடை, ராத்திரி சோறு பாதி. படை கொஞ்சம் இளகுது, கல்யாணத்துக்குள்ள போகாது. போட்டோகிராபர் பாத்துக்கிடுவாரு. நெத்தி ஊசியை வேண்டாம்னு ஒரேயடியா சொல்லல. மைனி மாதிரி 42ல தேவைப்பட்டா அப்போ வந்து இதே இழையில எழுதுதேன்.

பேரு_வேண்டாம்
நானும் டாக்டரைப் பாத்துட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாளா கொறைச்சிருக்கு. இன்னும் எரியுது.

கருங்கல்_மருந்துக்கடை
எரியும் மக்களே. விடாதே.

டாக்ஸி_வலதுபக்கம்
சிஸ்டர், ஒரு சந்தேகம். சன்ஸ்கிரீன் வாங்கினேன், ரெண்டு விரல் கணக்குல போட்டா டியூப் ஒரு மாசம்கூட தாங்காது போல. எனக்கு வலது பக்கம் மட்டும் பூசுனாப் போதும்லா?

சிஸ்டர்_குழித்துறை
ரெண்டு பக்கமும் பூசுங்க அண்ணே.